ஸாமுவேல் பேட்டில்: நிறமும் போலீஸ் உத்தியோகமும்

உத்தியோகம் மறுக்கப்பட்டவன் தனக்கு நேர்ந்தது அநீதியென்று முறையிடும்போது, அதற்கு அத்தாட்சி என்ன என்பதே அவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி. மறுத்தவர்களோ உண்மைக் காரணத்தைத் தஸ்தாவேஜில் எழுதி வைப்பதில்லை. உயரம் போதவில்லை, பார்வை மங்கல், இருதயத்தில் கோளாறு, மேலதிகாரியின் நம்பிக்கைக்குப் பாத்திரமாகவில்லை என்று இவ்விதம் பார்வைக்குக் குற்றமற்ற காரணங்களே அதில் காணப்படும். நிறத்தின் பெயர் எந்த மூலையிலும் வராது. வக்கீல் தொழிலில் பழகிய நாம் இத்தகைய காகிதங்களின் பாஷையை ஓரளவு அறிவோம். அமெரிக்காவில் நியூயார்க் நகரப் போலீஸ் படையில் 1911-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி சேர்த்துக்கொள்ளப்பட்ட ஸாமுவேல் ஜெஸ்ஸி பேட்டில் என்ற கறுப்பரின் சரித்திரம், சட்டப் புஸ்தகங்கள் பலவற்றைக் காட்டிலும் இவ்விஷயத்தைத் தெளிவாக்குகிறது என்பது நமது அபிப்பிராயம். ஆகவே அதைச் சற்று விரிவாகவே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பேட்டில் 1883-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி, வட கரோலினா மாகாணத்தில் நியூ பெர்ன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் பேட்டில் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபையில் உபதேசியாரானவர். பிறந்தபோது குழந்தையின் எடை 16 ராத்தல் என்றும், அவ்வளவு பெரிய குழந்தை அம்மாகாணத்தில் அதற்குமுன் பிறந்ததில்லை என்றும் ஊரார் பேசிக்கொண்டார்களாம். வளர்ந்த பின்னும் அவர் ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற பருமனும் உள்ளவராகவே இருந்தார். அந்தத் தேகமே பிற்காலத்தில் அவருக்கு வழியும் காட்டியது. அதே தேகத்தின்மேல்தான் பொய்க் குற்றமும் சுமத்தப்பட்டது.

அவர் பிறந்த அதே 1883-ம் வருஷத்தில்தான் நியூயார்க் மாகாணத்தில் ஸிவில் ஸர்வீஸ் சட்டம் நிறைவேறியது. அதற்குமுன் அங்கே ஸர்க்கார் உத்தியோகம் கட்சிக்காரர்களுக்கு வழங்கும் பிரசாதம். எலெக்ஷனில் ஜயித்தவன் தன் ஆட்களை நிரப்புவான்; தோற்றவனுடைய ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். நியூயார்க் நகரத்தில் டாமனி ஹால் என்ற கோஷ்டியார் இந்த வித்தையில் பெயர் போனவர்கள். புதிய சட்டம் இதற்கு ஒரு மாற்று வழியைச் செய்தது. பகிரங்கப் பரீக்ஷை வைத்து, தேறியவர்களின் பெயர்களை மார்க்கு வரிசையில் ஜாபிதாவாக எழுதி, அந்த வரிசைப்படி நியமனம் செய்ய வேண்டும் என்றது. சட்டத்தை இயற்றியவர்கள் கறுப்பரை மனத்தில் வைத்து இயற்றவில்லை. கட்சிக் கொள்ளையை ஒடுக்குவதே அவர்கள் கருத்து. ஆனால் விடைத்தாளுக்குத் தோல் இல்லை. கட்சித் தலைவனின் திண்ணையில் காத்து நிற்க முடியாத ஒருவனுக்கும், பென்ஸில் பிடிக்கத் தெரிந்தால், அந்த வாசல் திறந்திருந்தது.

பேட்டிலின் இளமைப் பிராயத்தில் ஒரு சம்பவம் உண்டு. ஊரில் ஒரு வெள்ளைக்கார முதலாளியிடம் வேலை பார்த்தபோது, பெட்டியிலிருந்து சில்லறையைச் சிறிது சிறிதாக எடுத்துப் பையன் பிடிபட்டான். தகப்பனாரின் முகத்துக்காக முதலாளி போலீஸுக்குப் போகவில்லை. ஆனால் இந்தப் பையன் ஒரு வருஷத்துக்குள் சிறைக்குப் போவான் என்று ஜோஸ்யம் சொன்னார். அந்த வார்த்தை பையனைச் சுட்டது. அதைப் பொய்யாக்குவதாக அவர் தமக்குள் சங்கற்பம் செய்துகொண்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். மகான்களின் சரித்திரத்தில் இத்தகைய சம்பவங்களை மறைத்துவிடுவது நம்மவர் வழக்கம். பேட்டில் மறைக்கவில்லை. இதை அவருடைய பெருமைகளில் ஒன்றாகவே நாம் கருதுகிறோம்.

1899-ல், பதினாறாவது வயதில், அவர் வடக்கே புறப்பட்டார். கனெக்டிகட் மாகாணத்தில் சில காலம், பிறகு நியூயார்க்கில் ஒரு பணக்காரர் வீட்டில் வேலைக்காரராகச் சில காலம் என்று கழித்து, 1905-ல் கிராண்ட் ஸென்ட்ரல் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் போர்ட்டராகச் சேர்ந்தார். அங்கே போர்ட்டர்கள் சிவப்புத் தொப்பி அணிவார்கள். அவர்கள் பெரும்பாலும் கறுப்பர். அவர்களுக்குத் தலைவரான ஜேம்ஸ் வில்லியம்ஸும் கறுப்பரே. அதே வருஷம் பேட்டிலுக்கு விவாகமும் நடந்தது. கூலி சொற்பம், பிரயாணிகள் கொடுக்கும் இனாம்தான் ஜீவனம். குடும்பம் பெருகவே, நிரந்தர சம்பளமும் பென்ஷனும் உள்ள உத்தியோகம் ஒன்றை அவர் மனம் நாடிற்று. அவருடைய சகோதரியின் கணவர் மோஸஸ் காப் என்பவர், 1892 முதல் புரூக்ளினில் போலீஸ்காரராக இருந்தார்; பேட்டிலுக்கு ஆசையை ஊட்டியவரும் வழி சொன்னவரும் அவரே. வேலை ஓய்ந்த வேளைகளில் பேட்டில் பரீக்ஷைக்குப் படிக்கலானார்.

இங்கே ஒரு விவரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் முதல் கறுப்புப் போலீஸ்காரர் பேட்டில் என்று எல்லாப் புஸ்தகங்களும் கூறுகின்றன. புரூக்ளின் தனி நகரமாக இருந்த காலத்தில், 1891-லேயே, வைலி ஓவர்டன் என்ற கறுப்பர் அங்கே போலீஸில் சேர்ந்திருந்தார். சகபாடிகளின் பகிஷ்காரத்தில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. அவருக்குப் பின் வந்த காப் போன்ற சிலர் 1898-ல் இரு நகரங்களும் ஒன்றானபோது பெரிய நகரத்தின் போலீஸாக மாறினார்கள். ஒன்றான நகரம் தானாகப் பரீக்ஷை வைத்துத் தானாக நியமித்த முதல் கறுப்பர் பேட்டில். பதின்மூன்று வருஷ காலம் அந்த மாநகரம் அப்படி ஒருவரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதே இதன் உள் அர்த்தம்.

பரீக்ஷையில் தேறிய 638 பேரில் பேட்டிலின் ஸ்தானம் 199. ஜாபிதாவில் அவருடைய பெயர் நடுவுக்கு வெகு மேலே இருந்தது. அவருக்குக் கீழே இருந்தவர்கள் நியமனம் பெற்றார்கள், அவர் பெறவில்லை. போலீஸ் இலாகா வைத்தியர்கள் அவர் இருதயத்தில் அபஸ்வரம் கேட்கிறது என்று எழுதிவிட்டார்கள். நாள் முழுவதும் பெட்டிகளையும் படுக்கைகளையும் தூக்கி ரயில் மேடையில் ஓடுகிறவரின் இருதயம், தெருவில் நடந்து காவல் புரியத் தகாதென்று தீர்ப்பாயிற்று! எழுத்துப் பரீக்ஷை தடுக்காதவனைத் தடுக்க வைத்தியப் பரிசோதனை இருந்தது. எங்கே மனிதர்களின் அபிப்பிராயத்துக்கு இடமிருக்கிறதோ அங்கேதான் வேற்றுமை குடியேறும். இதற்குப் பிற்காலத்திலும் உதாரணங்கள் ஏராளம்.

பேட்டில் செய்தது கவனிக்கத் தக்கது. அவர் கூச்சலிடவில்லை; வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. பெயர் பெற்ற இருதய வைத்திய நிபுணர் ஒருவரிடம் சென்று தம்மைப் பரிசோதிக்கச் சொன்னார். அவர் எந்தக் கோளாறும் இல்லை என்றார். அந்த அத்தாட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு கறுப்பர் சமூகத்தின் பிரமுகர்களும் பத்திரிகைக்காரர்களும் நகர அதிகாரிகளை நெருக்கினார்கள். 1911 மே மாதம் ரைன்லாண்டர் வால்டோ என்பவர் போலீஸ் கமிஷனரானார். இரண்டாவது பரிசோதனையில் இருதயம் சொஸ்தமாகிவிட்டது. நியமன உத்தரவும் பிறந்தது. பரீக்ஷையில் தேறிய தனிமனிதன் ஒருவன், அவனுக்குப் பின்னால் நின்ற ஒரு சமூகம், மறுக்க முடியாத ஓர் அத்தாட்சி ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகே ஒரு கதவு திறந்தது.

உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தது வேறொரு பரீக்ஷை. மேற்கு அறுபத்தெட்டாம் தெருவில் இருந்த ஸ்டேஷனுக்கு அவர் அனுப்பப்பட்டார். ஸான் வான் ஹில் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியில் கறுப்பரும் ஐரிஷ்காரரும் அடுத்தடுத்து நெருங்கி வசித்தார்கள். அடிக்கடி கலகம் நிகழும். 1905-ல் பெருங்கலகமே நடந்திருந்தது. போலீஸ் படையில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர். பேட்டில் வந்த நாள் முதல் ஒருவரும் அவருடன் பேசவில்லை. உத்தியோக சம்பந்தமான உத்தரவு தவிர வேறு வார்த்தை கிடையாது. காலை வந்தனம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அந்நாளில் போலீஸ்காரர்கள் முறைப்படி சில இரவுகள் ஸ்டேஷனிலேயே தங்கியிருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு படுக்கைக் கூடம் இருந்தது. கறுப்பருடன் ஒரே கூடத்தில் படுக்கமாட்டோம் என்று வெள்ளைக்காரர்கள் சொல்லவே, பேட்டிலின் கட்டில் மேல்மாடிக்குப் போயிற்று. ஸ்டேஷனின் அமெரிக்க தேசக் கொடியைச் சுருட்டி வைக்கும் பரண் அது. அந்தக் கொடியின் அருகே தனியே அவர் படுத்தார். எல்லாப் பிரஜைகளும் சமம் என்று சட்டத்தில் எழுதிய தேசத்தின் கொடி! அங்கே படுக்கும்போது, கொடிக்குத் தன்னிடம் பயமில்லை என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டிருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு நாள் கட்டிலுக்கு மேலே, குண்டளவு துவாரமிட்ட ஒரு சீட்டு குத்தப்பட்டிருந்தது. அதில் வசவும் கொலை மிரட்டலும் எழுதியிருந்தன. வெளியிலும் நிம்மதி இல்லை. கறுப்புப் போலீஸ்காரரைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் கூட்டங் கூடுவார்கள். மிருகக்காட்சிசாலையில் புது மிருகத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஊர் சுற்றிக் காட்டும் வண்டிகளும் அவர் நிற்கும் மூலையில் வேகம் குறைந்தன. பத்திரிகை நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சகபாடிகள் எப்படி நடத்துகிறார்கள் என்று தூண்டித் தூண்டிக் கேட்டார்கள். அவர் ஒருவரைப் பற்றியும் புகார் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் ஊரெங்கும் பரவியிருக்கும். உடனே ஒழுங்குமீறல் என்று அவர்மீது நடவடிக்கையும் வந்திருக்கும்.

இந்த மௌனத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். அநீதியை வெளியிடாமல் பொறுப்பது அநீதிக்கு உடந்தையாவது என்பார் பலர். சாதாரணமாக நாமும் அந்தக் கட்சிதான். ஆனால் பேட்டில் மௌனமாக இருந்தது தம் உரிமையைப் பற்றி அல்ல, தமக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றி. இருதயம் சரியில்லை என்றபோது சும்மா இருக்கவில்லை. பின்னால் உயர்பதவி மறுக்கப்பட்டபோதும் சும்மா இருக்கவில்லை. பேசாதவர்களைப் பேசவைக்க மட்டும் அவர் மெனக்கெடவில்லை. உத்தியோகம் தன் உரிமை, சிநேகம் பிறர் உரிமை என்று அவர் பிரித்துவைத்திருந்தார் போலும். இப்படிப் பிரிப்பது எவருக்கும் எளிதல்ல. பரணில் படுத்த அத்தனை இரவுகளிலும் அவர் புஸ்தகம் படித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1913-ல் அவர் ஹார்லெமுக்கு மாற்றப்பட்டார். அப்போது ஹார்லெம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. ஐரிஷ்காரரும் ஜெர்மானியரும் யூதரும் வசித்த தெருக்களில் தெற்கத்திய மாகாணங்களிலிருந்து வந்த கறுப்பர் ஆயிரக்கணக்கில் குடியேறினார்கள். கறுப்புப் போலீஸ்காரரின் தேவை இப்போது அதிகாரிகளுக்கே தெரிந்தது. மேலும் சிலர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ராபர்ட் ஹோம்ஸ் என்பவர் 1917-ல் ஒரு திருடனைத் துரத்திச் சென்று குண்டுபட்டு இறந்தார். கடமையில் உயிர்விட்ட முதல் கறுப்புப் போலீஸ்காரர் அங்கே அவரே.

1919-ல் அமெரிக்கா முழுவதும் இனக் கலகங்கள் நிகழ்ந்தன. ஹார்லெமில் நூற்று முப்பத்தைந்தாம் தெருவும் லெனாக்ஸ் வீதியும் கூடும் சந்தியில், வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவரைக் கோபங்கொண்ட கறுப்பர் கூட்டம் வளைத்துக்கொண்டது. பேட்டில் கூட்டத்தில் புகுந்து அவரை உயிருடன் மீட்டார். தம்முடன் பேச மறுத்த ஜாதியைச் சேர்ந்தவரைத் தம்முடைய ஜனங்களின் கையிலிருந்து மீட்டார் என்றால் அதன் கடுமை நேயர்களுக்குப் புலனாகும்.

இதன் பலன் விசித்திரமானது. ஸார்ஜண்ட் பதவிக்கு நடக்கும் பரீக்ஷைக்குத் தயார் செய்ய டெலஹாண்டி என்ற தனியார் பாடசாலை ஒன்று இருந்தது. பதவி உயர்வு தேடும் போலீஸ்காரர்கள் அங்கேதான் படிப்பார்கள். சட்டமும் விதிகளும் கேள்விகளின் போக்கும் அங்கே போதிக்கப்படும். பேட்டிலுக்கு அங்கே இடமில்லை. ஸர்க்கார் பள்ளிக்கூடமல்ல, ஆகவே யார்மேலும் குற்றமில்லை! 1919 சம்பவத்துக்குப் பின், வகுப்பில் இருந்த வெள்ளைக்காரப் போலீஸ்காரர்கள் வோட்டுப் போட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். ஒருவர் உயிரைக் காப்பாற்றியதற்குச் சன்மானம், தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் படிக்கும் அனுமதி. மற்றவர்கள் சம்பளம் கட்டிச் சேர்ந்தார்கள். இவர் உயிரைப் பணயம் வைத்துச் சேர்ந்தார். பதவி உயர்வில் வேற்றுமை எங்கே இருக்கிறது, கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள், கேள்வித்தாளுக்கு முன்னால் இருக்கும் இந்த அறையை மறந்துவிடுகிறார்கள்.

பரீக்ஷையில் அவர் தேறினார். ஆனாலும் பதவி வரவில்லை. நியூயார்க் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஜாபிதாவின் தலைப்பில் நிற்கும் மூவரில் எவரையும் பொறுக்கிக்கொள்ள நியமன அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகுதியுள்ளவர்களுக்குள் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்க அதிகாரிக்குச் சுதந்தரம் வேண்டும் என்பது அதன் நோக்கம். மோசமான நோக்கமல்ல. ஆனால் வேண்டாதவனைத் தாண்டிப் போவதற்கு அதைவிடச் சௌகரியமான படி வேறில்லை. முன்பு வைத்தியரின் காது செய்ததை இப்போது கமிஷனரின் விவேகம் செய்தது. பல வருஷம் பேட்டிலின் பெயர் தாண்டப்பட்டது. 1926-ல், படையில் சேர்ந்து பதினைந்து வருஷங்கள் கழிந்து, நாற்பத்து மூன்றாவது வயதில், அவர் ஸார்ஜண்டானார். அந்நகரத்துக் கறுப்பரில் அந்தப் பட்டையை அணிந்தவர் அவருக்குமுன் ஒருவருமில்லை.

இந்த இடத்தில் வெஸ்லி வில்லியம்ஸ் என்பவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் கிராண்ட் ஸென்ட்ரல் போர்ட்டர் தலைவர் ஜேம்ஸ் வில்லியம்ஸின் குமாரர். பேட்டிலின் உதாரணமும் யோசனையும் அவருக்குத் துணை நின்றன. 1919 ஜனவரியில் அவர் நெருப்பணைக்கும் படையில் சேர்ந்தார். போலீஸ்காரனாவது தெருவில் தனியே நடப்பான். நெருப்பணைக்கும் படையினர் ஒரே வீட்டில் உண்டு, உறங்கி, ஒருவர் உயிரை ஒருவரிடம் ஒப்படைப்பவர்கள். வில்லியம்ஸ் போய்ச் சேர்ந்ததும் அந்த ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் வேறிடத்துக்கு மாற்றல் கேட்டார்கள். மேலதிகாரிகள் ஒரு வருஷத்துக்கு எவருக்கும் மாற்றல் இல்லை என்று உத்தரவிட்டார்கள். 1927-ல் அவர் லெப்டினண்ட், 1938-ல் படைப்பிரிவுத் தலைவர். பேட்டிலைப் போலன்றி இவர் சங்கம் சேர்த்தவர். 1940-ல் வல்கன் ஸொஸைடி என்ற கறுப்பு நெருப்பணைப்பாளர் சங்கத்தை ஸ்தாபித்தார். அறுபது வருஷங்களுக்கு மேல் கழிந்து, அந்தச் சங்கம் முறையிட்டதன்பேரில் 2007-ல் அமெரிக்க ஸர்க்காரே நியூயார்க் நகரத்தின்மீது வழக்குத் தொடுத்தது. எழுத்துப் பரீக்ஷைகள் கறுப்பரையும் ஸ்பானிய பாஷைக்காரரையும் நியாயமின்றி விலக்கின என்று 2009-ல் தீர்ப்பாயிற்று. 2014-ல் சுமார் 9 கோடியே 80 லக்ஷம் டாலர் தருவதாக நகரம் ராஜிக்கு வந்தது. தனி மனிதனின் பொறுமைக்கும் சங்கத்தின் பலத்துக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

பேட்டில் 1935 ஜனவரியில் லெப்டினண்டானார். இரண்டு மாதங்களுக்குள் ஹார்லெம் பற்றி எரிந்தது. மார்ச் 19-ந் தேதி நூற்று இருபத்தைந்தாம் தெருவில் கிரெஸ் என்ற பெரிய கடையில் லீனோ ரிவேரா என்ற பதினாறு வயதுப் பையன் ஒரு பேனாக்கத்தியைத் திருடிப் பிடிபட்டான். போலீஸ்காரர் அவனைப் பின்வாசல் வழியாக வெளியே விட்டுவிட்டார். முன்வாசலில் நின்ற ஜனங்களுக்கு இது தெரியாது. பையனை அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. அந்த வேளையில் சவவண்டி ஒன்று தற்செயலாக அருகில் வந்து நின்றதும் வதந்தி ருசுவாகிவிட்டது. இரவு முழுவதும் கலகம். மூவர் மாண்டனர், கடைகள் நூற்றுக்கணக்கில் நொறுங்கின. பையனை வீட்டிலிருந்து தேடி எழுப்பிக் கொண்டுவந்து, லெப்டினண்ட் பேட்டிலின் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்து வெளியிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி பக்கத்தில் நின்றிருந்தால் ஹார்லெம் அந்தப் படத்தை நம்பியிருக்குமா என்பது சந்தேகம். ஒரு கறுப்பரை இருபத்து நான்கு வருஷம் படையில் வைத்திருந்ததன் பிரயோஜனம் நகர அதிகாரிகளுக்கு ஓர் இரவில் தெரிந்தது.

ஆனால் அந்தப் படத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேயர் லா கார்டியா நியமித்த விசாரணைக் கமிஷன், கலகத்துக்குக் காரணம் வதந்தியல்ல, வேலையின்மையும் உத்தியோகங்களில் வேற்றுமையும் போலீஸாரின் கொடுமையுமே என்று கண்டது. மேயர் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. 1936-ல் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் என்ற கறுப்பர் பத்திரிகைதான் அச்சிட்டது. தம் ஜனங்களை அடிக்கும் படையின் உடையை அணிந்து, அந்தப் படையின் சாக்ஷியாகப் படத்தில் நிற்பது சரியா என்று தேசிய வாதிகள் எவரும் கேட்கக்கூடிய கேள்வியை ஹார்லெமிலும் சிலர் கேட்டார்கள். பேட்டில் படையைப் பற்றிப் பகிரங்கமாகக் கண்டித்தவரல்லர். கடைசிவரையில் அதன் விசுவாசி. இது அவருடைய குறை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அவர் உடையைக் கழற்றிவிட்டிருந்தால் ஹார்லெம் தெருவில் கறுப்பரின் தலையில் விழும் தடி குறைந்திருக்குமா என்றால், அதற்கும் நம்மால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. வெளியே நின்று கதவைத் தட்டுகிறவனும் உள்ளே நுழைந்து கதவருகே நிற்கிறவனும் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பது எல்லா நாட்டிலும் நடப்பது.

1941-ல் லா கார்டியா அவரைப் பரோல் கமிஷனராக நியமித்தார். அந்த ஸ்தானத்தில் அவருக்கு முன் இருந்தவர், அவ்வருஷம் ஜூன் மாதம் அகால மரணமடைந்த பிரசித்த பேஸ்பால் ஆட்டக்காரர் லூ கெரிக். சிறையிலிருந்து தவணை விடுதலை பெறும் இளைஞர்களைப் பார்க்கும் வேலை. ஒரு வருஷத்துக்குள் சிறைக்குப் போவான் என்று ஒருகாலத்தில் ஜோஸ்யம் சொல்லப்பட்ட பையனுக்கு இது பொருத்தமான நாற்காலிதான். 1943 ஆகஸ்டில் ஒரு கறுப்புச் சிப்பாய் போலீஸ் குண்டுபட்டதை ஒட்டி ஹார்லெமில் மறுபடி கலகம் மூண்டபோது, அமைதிக்கு உழைக்க மேயர் அவரையும் அழைத்தார். 1951-ல் அவர் ஓய்வு பெற்றார். ஸ்டிரைவர்ஸ் ரோ என்று பெயர் பெற்ற அழகிய வீட்டுவரிசையில் அவர் வாசம் செய்தார். 1919 வரையில் கறுப்பருக்கு விற்பதில்லை என்று சொந்தக்காரர்கள் பூட்டி வைத்திருந்த வீடுகள் அவை.

தம் சரித்திரம் மறைந்துவிடக்கூடாது என்று அவருக்குக் கவலை இருந்தது. பிரபல கறுப்புக் கவி லாங்ஸ்டன் ஹ்யூஸை அதை எழுத அமர்த்தினார். எழுதி முடித்த புஸ்தகத்தை அச்சிட எந்தப் பிரசுரகர்த்தரும் முன்வரவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதியை ஆதாரமாகக் கொண்டு ஆர்தர் பிரௌன் எழுதிய சரித்திரம் 2015-ல்தான் வெளிவந்தது. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1919-ல் அவர் சகபாடியை மீட்ட சந்திக்கு நகரம் அவருடைய பெயரைச் சூட்டியது. பேட்டில் இவற்றைக் காணவில்லை. 1966 ஆகஸ்ட் 7-ந் தேதி, எண்பத்து மூன்றாவது வயதில், அவர் காலமானார்.

அவர் ஜீவித காலத்தில், தமக்கு இழைத்த வேற்றுமைக்காக அவர் ஏறக்கூடிய கோர்ட்டுப் படி அநேகமாக இல்லை. 1964-ம் வருஷத்து ஸிவில் உரிமைச் சட்டம், நிறங்காரணமாக வேலை மறுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் மாகாண ஸர்க்கார்களும் நகரசபைகளும் அதற்கு உட்படவில்லை. அமெரிக்காவில் போலீஸ் படைகள் பெரும்பாலும் நகரசபைகளுடையவை. 1972-ல் சட்டத்தைத் திருத்திய பிறகே அவற்றைப் பிடிக்க வழி பிறந்தது. அதன் பின் வழக்குகள் குவிந்தன. வாஷிங்டன் நகரப் போலீஸில் சேர நடத்திய மொழிப் பரீக்ஷையில் வெள்ளைக்காரரைப்போல் சுமார் நான்கு மடங்கு கறுப்பர் தவறினார்கள். விளைவு வேற்றுமையாக இருந்தால் போதாது, வேற்றுமை செய்யும் எண்ணம் இருந்ததென்று காட்ட வேண்டும், இன்றேல் அரசியல் சட்டம் மீறப்பட்டதாகாது என்று 1976-ல் ஸுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. எண்ணத்தை எப்படி ருசுப்பிப்பது? இருதயத்தில் அபஸ்வரம் என்று எழுதிய வைத்தியரின் எண்ணத்தை எந்தக் குழாய் வைத்துக் கேட்பது? அத்தீர்ப்பு சரியல்ல என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

அலபாமா மாகாணத்துப் போலீஸ் படையின் விஷயம் இன்னும் வெளிப்படையானது. முப்பத்தேழு வருஷங்களில் அதில் ஒரு கறுப்பர்கூடச் சேர்க்கப்பட்டதில்லை என்று 1972-ல் கோர்ட்டு கண்டது. ஒரு வெள்ளைக்காரருக்கு ஒரு கறுப்பர் என்று எடுக்கும்படி உத்தரவிட்டது. எடுத்தார்கள், ஆனால் உயர்த்தவில்லை. 1978-ல் கார்ப்பொரலும் அதற்கு மேற்பட்டவருமான 232 பேரில் கறுப்பர் ஒருவருமில்லை. பதவி உயர்விலும் ஒன்றுக்கு ஒன்று என்று மறுபடி உத்தரவிட நேர்ந்தது. 1987-ல் ஸுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதை ஊர்ஜிதம் செய்தது. கதவைத் திறக்கச் சொன்னால் திறப்பார்கள், மாடிப்படியை எடுத்துவிடுவார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் கணக்கு நமக்குத் தெரியாது.

பேட்டில் ஓய்வு பெற்ற 1951-ம் வருஷத்தில், நியூயார்க் போலீஸில் பெஞ்சமின் வார்ட் என்ற கறுப்பு வாலிபர் சேர்ந்தார். புரூக்ளினில் ஒரு ஸ்டேஷனுக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொரு போலீஸ்காரனுக்கும் உடை வைக்கப் பூட்டுள்ள ஒரு பெட்டி உண்டு. அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. வீட்டிலேயே உடையணிந்து அவர் வேலைக்கு வந்து போனார். 1984-ல் அவர் அந்தப் படை முழுவதற்கும் கமிஷனரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் கறுப்பர் அவர்.